பச்சைக் குழந்தையோடு வெளியே கிளம்ப: கையிலா, துணியிலா, வண்டியிலா?

பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தையை வெளியே கொண்டுபோவதென்றால் எதில் கொண்டுபோவது? குழந்தை பிறக்கும் முன்பே பலர் இதைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைக்குப் போனால் வண்டிகளில் பத்து வகை, குழந்தையை உடம்போடு மாட்டிச் சுமக்கும் கேரியர்களில் அதைவிட அதிகம். எத்தனை சக்கரம், எத்தனை பை, எப்படி மடங்கும் என்றுதான் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். முதல் மூன்று மாதத்துக்கு அந்த விவரங்களில் பாதி தேவையே இல்லை. நான் பார்க்கச் சொல்வது மூன்றே விஷயம்: அதில் இருக்கும்போது குழந்தை தடையில்லாமல் மூச்சுவிடுமா, பெற்றவளின் உடம்பு அதைத் தாங்குமா, போகிற வேலை அடுத்த பால் நேரத்துக்குள் முடியுமா.

மூச்சை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து பலமில்லாதது, மூச்சுக்குழாய் குறுகலானது. தலை முன்னால் சரிந்து முகவாய் நெஞ்சில் படிந்துவிட்டால் அந்தக் குழாய் மடங்கிவிடும். பெரியவர்கள் உடனே தலையைத் தூக்கிவிடுவார்கள். குழந்தையால் அது முடியாது. அழக்கூட முடியாமல் போகும் என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அதனால் எந்தச் சாதனமாக இருந்தாலும், அதில் குழந்தையின் முகவாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பால் நேரக் கணக்கையும் பலர் தப்பாகப் போடுகிறார்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதாவது சுமார் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆனால் இந்த இடைவெளி ஒரு தடவை குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அடுத்த தடவை குடிக்க ஆரம்பிக்கும் வரைக்குமானது. குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, டயபர் மாற்றவே முக்கால் மணி நேரம் போய்விட்டால் கையில் மிச்சமிருப்பது ஒன்றேகால் மணி நேரம். போக அரை மணி, வர அரை மணி என்றால் அங்கே நிற்கக் கால் மணி நேரம்தான். இதை வீட்டிலேயே யோசித்துவிட்டால் வழியில் வரும் பதற்றம் பெருமளவு குறையும்.

முதலில், போகத்தான் வேண்டுமா?

இதிலும் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டிலேயே இருப்பது, குழந்தையோடு போவது, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வருவது.

நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கும் குழந்தையைத் திறந்த வெளியில் நிழலில் சற்று நேரம் கொண்டுபோவதில் மருத்துவ ரீதியாகத் தடை எதுவும் இல்லை. கூட்டம் நெருக்கும் மூடிய இடங்களுக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். முதல் தடுப்பூசிகள் நாட்டுக்கு நாடு ஆறு வாரத்திலோ எட்டு வாரத்திலோ தொடங்குகின்றன. அதுவரை கக்குவான் இருமல் போன்றவற்றிலிருந்து குழந்தைக்கு இருக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. கக்குவான் இருமல் வந்த சிறு குழந்தை சில நேரம் இருமாமலே மூச்சை நிறுத்திவிடும். அதனால் அந்த முதல் இரண்டு மாதத்தில் காலாற நடந்துவிட்டு வருவதற்கு நான் சரி என்பேன், அடைத்துவைத்த அரங்கில் நடக்கும் விசேஷத்துக்கு வேண்டாம் என்பேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காமல், வீட்டில் மருந்து எதுவும் கொடுக்காமல் அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் முதல் தடவை வெளியே போவதைப் பற்றியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களைப் பார்க்க நாம் போவதா, அவர்களை வரச் சொல்வதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். நாம் போனால் கிளம்பும் நேரம் நம் கையில். அவர்கள் வந்தால் குழந்தை தன் இடத்திலேயே தூங்கும், ஆனால் எப்போது எழுந்து போவார்கள் என்று தெரியாது. முதல் மாதத்துக்கு அவர்கள் வருவதே நல்லது என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு ஒரு வீட்டார், இத்தனை மணி வரை என்று முன்பே சொல்லிவிட்டு. வருகிறவர் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. உதட்டில் கொப்புளம் இருப்பவரைக் குழந்தையின் பக்கத்திலேயே விடாதீர்கள். அந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் சொல்லத் தயங்கினால் குழந்தையின் அப்பா சொல்லட்டும்.

மூன்றாவது வழி, குழந்தையை அப்பாவிடமோ பாட்டியிடமோ விட்டுவிட்டு அம்மா மட்டும் அரை மணி நேரம் வெளியே போய் வருவது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஒரு சின்ன வேலைக்காக, பைமூட்டையோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்புவதைவிட, வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுக் கைவீசிப் போய் வருவது எவ்வளவோ மேல். போகிற காரணம் உங்கள் மன ஆறுதல் என்றால் இன்னும் நல்லது. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலோருக்கு உண்டு, தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அந்தக் கனம் இறங்கவில்லை என்றால் அது நடந்து தீர்த்துக்கொள்கிற விஷயமில்லை, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அப்பாக்களுக்கும் இது வரும்.

கை, துணி, கேரியர், வண்டி

கையில் தூக்கிப் போவதற்கு எதுவும் வாங்க வேண்டாம், எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கும் அதுதான் பிடித்தது. வாசலிலிருந்து வாகனம் வரை, காத்திருக்கும் இடத்திலிருந்து மருத்துவர் அறை வரை என்றால் கை போதும். அதற்கு மேல் போனால் குறைகள் தெரிய ஆரம்பிக்கும். தலை நிற்காத குழந்தைக்கு ஒரு கை தலைக்கு, ஒரு கை உடம்புக்கு. கதவைத் திறக்கவும், பையை எடுக்கவும், படியில் கைப்பிடியைப் பிடிக்கவும் கை மிச்சமிருக்காது. படியில் சறுக்கினால் பிடிமானம் இல்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் பயமுறுத்துவது. இரண்டு பேர் சேர்ந்து போகும்போது மட்டும் கையை நம்புங்கள்.

வீட்டுக்குள் கையின் மதிப்பே தனி. 1986-ல் மான்ட்ரியாலில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவுத் தாய்மார்களிடம் குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும் நாளுக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்ற பிரிவுக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. ஆறாவது வாரம்தான் பொதுவாக அழுகை உச்சத்துக்குப் போகும் காலம். தூக்கித் தூக்கிப் பழக்காதே என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் வயிற்று வலிக்காரக் குழந்தை என்கிறோமே, தினமும் மணிக்கணக்கில் அழுது தீர்க்கும் குழந்தை, அதற்கு இதே பலன் பிந்தைய ஆய்வில் கிடைக்கவில்லை. உங்கள் குழந்தை தூக்கியும் அழுதால் நீங்கள் தூக்குவதில் குறை என்று நினைக்காதீர்கள்.

ஜப்பானின் ரிக்கென் நிறுவன ஆய்வாளர்கள் 2022-ல் இன்னொன்று சொன்னார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தால் அழுகை அடங்கிப் பல குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. தூங்கியதும் உடனே படுக்கவைக்காமல் இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கீழே விடும்போது விழித்துக்கொள்வது குறைகிறது. வெளியே போய்விட்டு வந்து குழந்தையைப் படுக்கவைக்கும்போது இந்தச் சில நிமிடப் பொறுமை மிகவும் உதவும்.

அடுத்தது துணி. இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நன்றாகக் கட்டினால் இதைவிட நல்லது இல்லை, தப்பாகக் கட்டினால் இதைவிட ஆபத்தானதும் இல்லை.

துணி என்று பொதுவாகச் சொன்னாலும் வகைகள் உண்டு. உடம்பைச் சுற்றிக் குறுக்கே இழுத்து முடிச்சுப் போடும் நீளத் துணி ஒன்று. ஒரு தோளில் போட்டு வளையத்தில் இழுத்து இறுக்கும் துணி இன்னொன்று. இவற்றில் குழந்தை நிமிர்ந்து, வயிறு உங்கள் நெஞ்சோடு ஒட்டி இருக்கும். மூன்றாவது, பை போலத் தொங்கி, குழந்தை அதற்குள் வளைந்து சுருண்டு படுக்கும் வகை. இந்த மூன்றாவதை வாங்காதீர்கள், யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பயன்படுத்தாதீர்கள். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படித் துணியில் சுமப்பது பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 வருடத்தில் இதோடு தொடர்புள்ள 14 குழந்தை மரணங்களைக் கண்டறிந்ததாகவும், அவற்றில் 12 நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் சொன்னது. துணி மூக்கை மூடுவதும், வளைந்த படுக்கையில் முகவாய் நெஞ்சில் படிவதும்தான் இதில் உள்ள இரண்டு ஆபத்துகள்.

மற்ற இரண்டு வகையைக் கட்டியதும் இதைப் பாருங்கள். குனியாமலே குழந்தையின் முகம் தெரிய வேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தினால் குழந்தை உங்கள் பக்கம் மேலும் சாயக் கூடாது, சாய்ந்தால் கட்டு தளர்வு என்று அர்த்தம். கால்கள் நேராகத் தொங்காமல், முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே, தவளை போல விரிந்து இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு சரியாக வளர அந்த இருப்பு நல்லது.

துணியால் வரும் சௌகரியம் பெரிது. இரண்டு கையும் விடுதலை. படி, குறுகலான வழி, நெரிசல் எதுவும் பிரச்சினையில்லை. உங்கள் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டபடி குழந்தை தூங்கும். முதல் தடவை கட்டும்போது கை நடுங்கும், அது இயல்பு. வெளியே கிளம்பும் நாளில் முதல் தடவையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். வீட்டில் மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, முதலில் குழந்தை எடையுள்ள ஏதாவது ஒன்றைக் கட்டி, பிறகு பால் குடித்துத் தெளிந்திருக்கும் குழந்தையை வைத்துப் பழகுங்கள்.

வெயில் காலத்தில் துணிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. உங்கள் உடம்புச் சூடும் குழந்தையின் சூடும் ஒன்றாகச் சேரும். அந்தத் துணியையே ஓர் உடுப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு உள்ளே ஒற்றை மெல்லிய சட்டை மட்டும் போடுங்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். துணியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்பருகில் நிற்பதோ, சூடாக எதையும் குடிப்பதோ, சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் ஏறுவதோ கூடாது. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள். துணிக்குள்ளேயே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் மறுபடி நிமிர்த்தி இறுக்கிக் கட்டுங்கள். எடை குறைந்த குழந்தை, மூச்சுப் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் துணியே வேண்டாம்.

பக்கிள் போட்டு மாட்டும் கேரியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுவது சுலபம், எடை தோளுக்கும் இடுப்புக்கும் பிரிந்துவிடும், அப்பாவும் அம்மாவும் பட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பல கேரியர்களுக்குக் குறைந்தபட்ச எடை 3.2 கிலோ, சிலவற்றுக்கு 3.6 கிலோ. பிறந்த புதிதில் பல குழந்தைகள் அந்த எடையைத் தொட்டிருக்காது. தொட்டிருந்தாலும் உடம்பு சின்னதாக இருப்பதால் உள்ளே சரிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் இது உண்மையிலேயே பயன்படும். சிசேரியன் ஆனவர்களுக்கு இடுப்புப் பட்டை தையலில் உராயும். அவர்களுக்கு ஆரம்பத்தில் மேலே ஏற்றிக் கட்டும் துணியே சௌகரியம்.

வண்டிக்கு வருவோம். பச்சைக் குழந்தைக்கான வண்டிக்கு ஒரே தகுதிதான்: குழந்தை அதில் மட்டமாக, மல்லாக்கப் படுக்க வேண்டும். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் குடைபோல மடங்கும் எடை குறைந்த தள்ளுவண்டியை வடிவமைத்தார். அதற்குப் பின் உலகம் முழுக்க மடக்கு வண்டிகள் பரவிவிட்டன. அவை உட்காரத் தெரிந்த குழந்தைக்கு ஏற்றவை. துணி இருக்கையில் தலை நிற்காத குழந்தையை வைத்தால் முதுகு வளைந்து முகவாய் கீழே போய்விடும். கையால் தூக்கிவிடலாம் என்ற ஆசையில் முதல் மாதத்திலேயே அந்த வகையை வாங்காதீர்கள், ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

நீண்ட நேரம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் வண்டிக்கு ஈடில்லை. குழந்தை நீட்டிப் படுத்துத் தூங்கும், உங்கள் தோளுக்கும் முதுகுக்கும் ஓய்வு, பையும் அதிலேயே. சமதளத்தில் தள்ளுவது பச்சை உடம்புக்காரிக்குச் சுமப்பதைவிட எளிது. ஆனால் சிசேரியன் ஆனவர்களை முதல் சில வாரங்கள் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். கனமான வண்டியை மடக்கி வாகனத்தில் ஏற்றுவதும் நாலு படி தூக்கி இறக்குவதும் அதில் அடக்கம். வீட்டு வாசலில் படி இருக்கிறதா, மின்தூக்கி இருக்கிறதா, போகிற வழியில் நடைபாதை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் வண்டி உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியும்.

வெயில் படாமல் இருக்க வண்டியை மெல்லிய துணியால் மூடுவதைப் பலர் செய்கிறார்கள், செய்யாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், முகமும் தெரியாது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் அளந்து பார்த்தபோது, உலர்ந்த மெல்லிய துணி போர்த்திய வண்டியின் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகமாகவே இருந்தது. அதே துணியை நனைத்துப் போட்டுச் சின்ன மின்விசிறியும் வைத்தபோது வெளியைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குறைந்தது. துணியை அடிக்கடி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இதுவும் லேசான வேலையில்லை. நிழலான வழியைத் தேர்ந்தெடுப்பதும், வெயில் ஏறுமுன் வீடு திரும்புவதும் இதைவிட நம்பகமானவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசுவதைவிட நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் வழி. இன்னொன்று, கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் வண்டி பின்பக்கம் கவிழும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நல்ல நீளத் துணி. அதற்கு மேல் போகப் போக மட்டமாகப் படுக்கும் வண்டி, அதன் அடிக்கூடையில் அதே துணி மடித்து வைத்தபடி. வண்டியில் படுக்கமாட்டேன் என்று குழந்தை வீல் வீலென்று அழும் நாள் வரும். அன்று குழந்தையைக் கட்டிக்கொண்டு காலி வண்டியில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டில் படி இருப்பவர்களும் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களும் துணியை வாங்குங்கள். முதுகு வலி இருப்பவர்கள், இரட்டைக் குழந்தைக்காரர்கள், கடும் வெயிலில் நடக்க வேண்டியவர்கள் வண்டியை வாங்குங்கள்.

காரில் போகும்போது

இதில் ஒப்பிட எதுவும் இல்லை. காரில் போகும் குழந்தை பின்பக்கம் பார்த்த கார் சீட்டில்தான் இருக்க வேண்டும். மடியில் வைத்துப் போவதும் துணியில் கட்டிக்கொண்டு போவதும் மாற்று வழிகள் ஆகாது. மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது. காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் அந்தச் சீட்டைப் பொருத்தக் கூடாது. தடித்த உடுப்பைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டி, தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள், கிள்ளினால் பிடிபடாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். குளிரென்றால் பட்டைக்கு மேலே போர்த்துங்கள்.

குழப்பம் வருவது காரை விட்டு இறங்கிய பிறகுதான். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராமல் சீட்டோடு தூக்கி வண்டிச் சட்டத்தில் மாட்டியோ வீட்டுக்குள் தரையில் வைத்தோ அப்படியே விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் நேர்ந்த குழந்தை மரணங்களை அலசிய ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. உட்காரும் சாதனங்களில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை கார் சீட்டில் நிகழ்ந்தவை. ஆனால் அப்படிப்பட்ட கார் சீட்களில் பத்தில் ஒன்றுகூட முறைப்படி பயன்படுத்தப்பட்டிருக்கவில்லை. காருக்குள், சரியான சாய்வில், இறுக்கிய பட்டையோடு அது காக்கும். வெளியே தரையில் வைத்தால் சாய்வு மாறிவிடும். வீடு சேர்ந்ததும் விழித்தாலும் பரவாயில்லை என்று எடுத்து, மட்டமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். நெடுந்தூரம் போவதை முதல் மாதத்தில் தவிர்ப்பதே நல்லது. அந்த வயதில் ஒரே தொடர்ச்சியாக அரை மணி நேரத்துக்கு மேலும், அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் சீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம் என்று பிரிட்டனில் பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். முடிந்தால் பின் இருக்கையில் குழந்தையின் பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள்.

வெளியே பால்

தாய்ப்பால் நேரடியாகக் கொடுப்பவர்களுக்கு வெளியே எடுத்துப்போக எதுவும் இல்லை, சூடாக்க வேண்டாம், கெடாது. தடையாக இருப்பது கூச்சம் ஒன்றுதான். முன்பக்கம் திறக்கும் உடுப்பும், ஒரு தோள் துணியும், கண்ணாடி முன் நின்று வீட்டில் இரண்டு தடவை பார்த்துக்கொள்வதும் அதைக் கொஞ்சம் குறைக்கும். உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே யோசித்துவிடுங்கள். பசியில் அழும் குழந்தைக்குப் பொது இடத்தில் பால் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிழிந்து எடுத்த பாலைக் கொண்டுபோனால் இன்னொருவரும் கொடுக்கலாம். அறைச் சூடு 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம் வரை தாங்கும், பனிக்கட்டி வைத்த குளிர்பையில் 24 மணி நேரம் வரை. ஆனால் புட்டியில் கொடுத்த வேளைக்கு நீங்கள் பாலைப் பிழிந்து எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், வெளியே இருக்கும்போது அது பெரும் அவஸ்தை. அதனால் நீங்களும் கூடவே போகும் இடத்துக்குப் பிழிந்த பால் எடுத்துப்போவதில் லாபம் குறைவு. நீங்கள் இல்லாமல் குழந்தை இருக்கும் நேரத்துக்குத்தான் அது.

பால்மாவு கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலக்கிக்கொண்டு போகலாமா, அங்கே போய்க் கலக்கலாமா என்று கேட்பார்கள். அங்கே போய்க் கலக்குவதே பாதுகாப்பு. பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதற்காகத்தான். கொதித்த நீரை ஃபிளாஸ்க்கிலும், அளந்த மாவைச் சுத்தமான டப்பாவிலும் தனித்தனியாக எடுத்துப்போய், கலக்கிய பின் ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான், மீதியைக் கொட்டிவிடுங்கள். கலக்கத் தேவையில்லாத திரவப் பால் கிடைக்குமானால் வெளியூர்ப் பயணத்துக்கு அதுவே லேசு. எத்தனை வெயிலானாலும் ஆறு மாதத்துக்கு முன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பாலையே அடிக்கடி கொடுங்கள்.

டயபர் விஷயத்தில் வீட்டில் துணி, வெளியே தூக்கிப்போடும் டயபர் என்று பிரித்துக்கொள்வது போதும். இதில் நீண்ட யோசனை வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு உபரி. குழந்தைக்கு மாற்றுடை எடுத்துவைக்க மறக்காத பலர் தங்களுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துவைக்க மறந்துவிடுகிறார்கள். பால் கக்குவது உங்கள் தோளில்தான். பையைக் கிளம்பும்போது அடுக்காமல், திரும்பி வந்ததும் தீர்ந்ததை நிரப்பி வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கிளம்பும் நேரத்தில் அது பெரிய உபகாரம்.

எந்த நேரத்தில், யாரோடு

பால் கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதா, போய்ச் சேர்ந்து கொடுப்பதா? போகிற தூரம் குறைவென்றால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தூரம் அதிகமென்றால் அங்கே சேர்ந்ததும் கொடுக்கும்படி திட்டமிடுங்கள், இடையில் பசியில் அழும் குழந்தையோடு சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். இரண்டாவது வாரம் தொடங்கி மூன்று நான்கு மாதம் வரை பல குழந்தைகள் சாயங்காலமும் முன்னிரவும்தான் அதிகம் அழும். ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் காலை வேளை. ஒரு நாளில் ஒரு வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் கிளம்ப முடிவதும் முடியாததும் முந்தின இரவைப் பொறுத்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருமே எழுந்திருப்பது அன்பாகத் தெரியும், ஆனால் விடிந்ததும் இரண்டு பேருமே தளர்ந்திருப்பீர்கள். இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் அப்பா டயபரையும் ஏப்பத்தையும் பார்த்துக்கொண்டு, பாலுக்கு மட்டும் அம்மாவிடம் கொடுத்து வாங்கினால் அம்மாவின் தூக்கம் குறைவாகவே கலையும். பிழிந்த பாலைத் தானே கொடுத்தால், அம்மாவுக்கு ஒரேயடியாக நாலு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கலாம். அசதியில் சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது குழந்தைக்கு மிக ஆபத்தான தூக்க இடங்களில் ஒன்று. கண் சொருகுகிறது என்று தெரிந்தால் குழந்தையை அதன் படுக்கையில் போட்டுவிடுங்கள், அழுதாலும் சரி. தூங்காத இரவுக்கு மறுநாள் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு குழந்தையோடு போவதையும் தள்ளிப்போடுங்கள்.

யாரோடு போவது என்று கேட்டால், முதல் சில தடவை கட்டாயம் இன்னொரு பெரியவரோடு. அந்த இன்னொருவர் பையைத் தூக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளாமல், குழந்தையைத் துணியில் கட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். அப்பாவும் வீட்டிலேயே கட்டிப் பழகியிருந்தால் மூன்றாவது, நான்காவது தடவை அவரும் குழந்தையும் மட்டும் போய் வருவார்கள், நீங்கள் தூங்குவீர்கள்.

கிளம்பி வாசலைத் தாண்டியதும் குழந்தை அழுது அடங்கவில்லை, உங்களுக்கும் படபடக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். போகும் இடத்தில் காத்திருப்பவர்களிடம் முன்பே இப்படிச் சொல்லி வையுங்கள்: முடிந்தால் வருகிறோம், இல்லாவிட்டால் செய்தி அனுப்புகிறோம், எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று.